இருபது டின், ஓர் ஆப்பு

முதலில் ஒரு விடுகதை.

சுவரோரம் நிற்பான், சுவரைத் தொடமாட்டான். இருபது பிள்ளையைச் சுமப்பான், ஓரடி நடக்கமாட்டான். குளித்தால் கனப்பான், காய்ந்தால் இளைப்பான். அவன் யார்?

விடை தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிடாமல் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இந்த விடுகதையைப் போட்டவளுக்கே வயது எட்டுதான். அவளும் கதையில் வருகிறாள், விடையும் வருகிறது. அந்த விடை சரியா தப்பா என்பதில் ஒரு மாதம் சிக்கல் இருந்தது. அதுதான் கதை.

காவிரிக் கரையில் ஒரு சின்ன ஊர். ஊரின் கடைசியில் ஒரு மடம். மடம் என்றதும் யானையும் கோபுரமும் நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கூடம், ஓர் அடுப்படி, மேலே ஒரு மொட்டை மாடி, பின்னால் நாலு பேர் கை கோத்து நிற்கிற அளவுக்கு ஒரு கொல்லை. அவ்வளவுதான். ஆனால் தினமும் நண்பகலில் அறுபது பேருக்கு அங்கே சோறு உண்டு. ஆற்றுக்குக் குளிக்க வந்தவர், சந்தைக்கு வந்தவர், போக வீடு இல்லாதவர், வீடு இருந்தும் போகப் பிடிக்காதவர், யார் வந்து உட்கார்ந்தாலும் இலை விழும்.

மடத்தை நடத்தியவர் தெய்வாத்தாள். நாற்பத்து நாலு வயது. ஊரே அவரை ஆத்தா என்றது. அவர் உட்கார்ந்து உபதேசம் செய்து யாரும் பார்த்ததில்லை. கேட்டவர்களுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே பதில் சொல்வார். சில பதில் குழம்போடு முடிந்துவிடும். சில பதில் வீடு வரைக்கும் கூடவே வரும்.

அவருக்கு ஒரே ஒரு சீடர். பெயர் அவினாசியப்பன். வயது அறுபத்தேழு. சாலை போடுகிற இலாகாவில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். எழுந்து இலையை எடுத்தார். பிறகு போகவில்லை. ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

விடியும் முன் எழுந்து அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொல்லையில் கொட்டுவார். விறகு பிளப்பார். அறுபது பேருக்கு வேகிற சோற்றுப் பானையைத் தனியாளாக இறக்குவார். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர. முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில், மேலே ஒருவர் கையெழுத்துப் போடாமல் அவர் ஒரு கூடை ஜல்லியைக்கூட நகர்த்தியதில்லை. அந்தப் பழக்கம் மடத்துக்கும் கூடவே வந்துவிட்டது.

"ஆத்தா, மிளகாயை மாடியில காயப் போடலாமுங்களா?"

"வெயில் அடிக்குதுங்களா?"

"அடிக்குதுங்க."

"மிளகாய் ஈரமா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அப்புறம் என்னைய எதுக்குக் கேக்கறீங்க?"

"ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு..."

"எங்கீங்க கையெழுத்துப் போடோணும், ஓவர்சியரே? மிளகாய் மேலயா, முறத்து மேலயா?"

அடுப்படியில் ராமாத்தாள் சிரிப்பாள். மடத்துச் சமையல் அவள் பொறுப்பு. சிரித்துவிட்டுத் தன் குறையைச் சொல்வாள்.

"ஓவர்சியரே, இந்த அரிவாமணை ஆடுதுங்க. ஒரு பக்கம் கட்டை தேஞ்சு போச்சு. அடியில எதையாச்சும் குடுத்து நிறுத்திக் குடுங்க."

"ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அரிவாமணைக்குமா!"

அவர் கேட்க மறந்துபோனார். அரிவாள்மணை ஆடிக்கொண்டே இருந்தது.

இந்த ஓவர்சியருக்கு மனசுக்குள் ஓர் ஆசை இருந்தது. ஊருக்கு வடக்கே கொன்றைமலை. அதன் பாதி வழியில் ஒரு சத்திரம். மலை ஏறுகிறவர்களுக்கு ஒருவர் அங்கே தங்கித் தினமும் கஞ்சி காய்ச்சி வைக்க வேண்டும். அதுவும் மடத்தின் பொறுப்பு. சத்திரத்தில் இருந்த பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது. தை மாதம் கூட்டம் ஏறுவதற்குள் வேறு ஆள் போயாக வேண்டும். போகிறவர் தனியாகத்தான் இருக்க வேண்டும்.

ஒன்பது வருஷமாக அவருக்கு அங்கே போக ஆசை. ஒன்பது வருஷமாகப் பயம்.

கார்த்திகை கடைசியில் ஒரு நாள், பந்தி முடிந்து பாத்திரம் கழுவும்போது கேட்டுவிட்டார்.

"ஆத்தா, மலைக்கு என்னைய அனுப்புவீங்களா?"

"போகோணுமா?"

"போகோணுமுங்க."

"அங்க மிளகாய் காயப் போடறதுன்னா யாரைக் கேப்பீங்க?"

ஓவர்சியர் அண்டாவைத் தேய்த்தார். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நான் அதுக்கு ஆயிட்டனா இல்லியான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?" என்றார்.

தெய்வாத்தாள் கொல்லைப் பக்கம் பார்த்தார். கொல்லையில் ஒரு கீரைப் பாத்தி இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். முந்தின நாள் பெருச்சாளி புகுந்து வேரோடு புரட்டிப் போட்டிருந்தது. அந்த மாதத்தில் அது மூன்றாவது தடவை.

"கீரையைத் தரையில இருந்து மேல தூக்கிருங்க, ஓவர்சியரே. அடுக்கடுக்கா வரட்டும். சுவரோரமா நிக்க வையுங்க."

சுவர் மடத்துடையது அல்ல. பக்கத்து நெல் மண்டி நாச்சிமுத்துவுடையது. நாச்சிமுத்து உருவத்தில் குள்ளம், குரலில் நெட்டை. விஷயம் காதில் விழுந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"ஆத்தா, உங்க சோத்துல நானும் கை நனைச்சவன். வேண்டாம்னு சொல்லமாட்டேன். ஆனா எங்க அப்பன் கட்டுன மண் செவுரு அது. ஒரு ஆணி அடிச்சா ஒரு கூடை பூச்சு உதிரும். ஆணி கூடாது. சாயக் கூடாது. தண்ணி படக் கூடாது. போகியன்னைக்கு வெள்ளையடிக்க வருவேன், அப்பப் பாப்பேன். எதாச்சும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, பொங்கலுக்கு அதையே பிரிச்சு அடுப்புல வெச்சுக்குங்க."

"ஒட்டாது" என்றார் தெய்வாத்தாள்.

நாச்சிமுத்து போன பிறகு ஆத்தா ஓவர்சியரிடம் திரும்பினார்.

"கேட்டுக்கிட்டீங்கல்ல? மார்கழி முச்சூடும் அது தானா நிக்கட்டும். நின்னா, தை பொறந்ததும் நீங்க மலைக்குப் போங்க. நிக்காட்டி அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"எந்த மரத்துல பண்ணட்டுமுங்க? எத்தனை அடி உசரம்? அடுக்கு நாலா, அஞ்சா?"

தெய்வாத்தாள் ரசத்துக்குக் கொத்தமல்லி கிள்ளிப் போடப் போய்விட்டார். மறுநாளும் ஓவர்சியர் கேட்டார். ஆத்தா வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவர் கேட்கவில்லை. ரம்பத்தை எடுத்தார்.

மடத்தில் பழைய பந்தல்கால்கள் கிடந்தன. அவற்றில் ஏழரை அடிக்கு இரண்டு நேர்க் கால் அறுத்தார். கால் ஒவ்வொன்றுக்கும் அடியில் குறுக்காக ஒரு பாதம். முன்னால் இரண்டு முழம் நீட்டினார், ஆள் விழாமல் இருக்கக் காலை அகட்டி நிற்பது போல. பின்னால் அரைச் சாண்தான் விட்டார், சுவருக்கு இடம் வேண்டுமே. இரண்டு காலையும் ஐந்து சட்டத்தால் இணைத்தார். பார்க்க அகலமான ஏணி போல இருந்தது. சுவருக்கும் ஏணிக்கும் நடுவே ஒரு சாண் வெளி.

தொட்டிக்கு எங்கே போவது? சமையல்கட்டுப் பரணில் காலி எண்ணெய் டின்கள் இருந்தன. பதினைந்து கிலோ டின். அதைப் படுக்கப் போட்டு, மேல் பக்கத்துத் தகரத்தை வெட்டி எடுத்து, வெட்டின விளிம்பைக் கை கிழிக்காமல் உள்பக்கம் மடித்துத் தட்டினார். அடுக்குக்கு நாலு. ஐந்து அடுக்குக்கு இருபது.

தண்ணீர் வடிய ஓட்டை போட வேண்டும். அங்கேதான் ஒரு யோசனை பண்ணினார். முன்பக்கம் ஓட்டை போட்டால் போகிற வருகிறவர் தலையில் சொட்டும். எனவே இருபது டின்னுக்கும் பின்பக்க ஓரத்தில் ஓட்டை போட்டார். சொட்டுகிற தண்ணீர் அந்த ஒரு சாண் வெளியில் விழும். சுவரிலும் படாது, ஆள் மேலும் படாது. இதை யாரிடமும் கேட்காமல் தானே முடிவு செய்தோம் என்பது அவருக்கு மறுநாள்தான் உறைத்தது. அன்று அவர் விறகு பிளக்கும்போது ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்ததாக ராமாத்தாள் சொன்னாள்.

மண் கலப்பதற்கு ஓர் உதவியாள் வந்து சேர்ந்தாள். ராமாத்தாளின் மகள் பூவாத்தாள். எட்டு வயது.

"தாத்தா, இதுக்கு எத்தனை மண்ணு?"

"ஒரு பங்கு செம்மண்ணு, ஒரு பங்கு தொழு உரம், ஒரு பங்கு தேங்காய் நார்த் தூள்."

"பங்குன்னா எவ்வளவு?"

"இந்தச் சட்டிக்கு ஒரு சட்டி."

"தலை தட்டியா, கோபுரமாவா?"

ஓவர்சியர் அவளை மரியாதையோடு பார்த்தார். "தலை தட்டி" என்றார்.

வெயிலுக்கு அஞ்சாத கற்பூரவல்லியும் தூதுவளையும் மேல் அடுக்கில். சிறுகீரை, கொத்தமல்லி, புதினா நடுவில். ஈரம் கேட்கிற வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் கீழே. கீழே வெயில் குறைவு, ஈரம் சீக்கிரம் காயாது. மார்கழி முதல் நாள் ஏணியைத் தூக்கி நிறுத்தினார்கள். ஓவர்சியர் தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். நூல் பிசகவில்லை.

அன்றைய பந்தியில் மோர் வருவதற்கு முன்னால் பூவாத்தாள் கூடத்தின் நடுவில் போய் நின்றாள். மோருக்கு முன் ஒரு விடுகதை என்பது அந்த மடத்து வழக்கம். நீங்கள் முதலில் கேட்டீர்களே, அதைத்தான் போட்டாள். சந்தைக்கு வந்த ஓர் ஆள், "அட, கொல்லையில நிக்கற கீரை ஏணிதானே!" என்றார். எல்லோரும் ஓவர்சியரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் இலையைப் பார்த்துச் சிரித்தார்.

மூன்றாம் நாள் விடியலில் தண்ணீர் ஊற்றப் போனவர், செம்போடு நின்றுவிட்டார்.

ஏணி சாய்ந்திருந்தது. அடியில் சுவருக்கும் அதற்கும் ஒரு சாண். உச்சியில் நாலு விரல்.

குனிந்து பார்த்தார். பாதம் இரண்டின் பின்முனைகளும் மண்ணில் இறங்கியிருந்தன. ஒரு குச்சியை எடுத்து அங்கே குத்தினார். குச்சி வெண்ணெயில் போவது போலப் போயிற்று. வெளியே எடுத்தால் நுனியில் சாம்பல்.

கொல்லை முழுக்கச் சாம்பல்தான். நாற்பது வருஷத்து அடுப்புச் சாம்பல். மேலே மண் மாதிரி இறுகியிருக்கும், ஈரம் பட்டால் அமுங்கும். நாலு மாவட்டத்தில் சாலை போட்ட ஓவர்சியர், தரையைத் தோண்டிப் பார்க்காமல் ஏணியை நிறுத்திவிட்டார். அந்தச் சாம்பலில் ஒன்பது வருஷத்துச் சாம்பலை விடியலில் விடியலில் கொண்டுவந்து கொட்டியவரும் அவரேதான். தண்ணீர் முழுவதையும் பின்பக்கம் விட்டவரும் அவர்தான்.

செய்ய வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியும். இருபது டின்னையும் இறக்கி, ஏணியை எடுத்து, சாம்பலைத் தோண்டி, கல் பரப்பி, மறுபடி நிறுத்த வேண்டும். மூன்று நாள் வேலை. ஆனால் ஆத்தா பார்ப்பார். "நிக்கலீங்களா?" என்று கேட்பார். நிற்கவில்லை என்று சொல்ல வேண்டும். அடுத்த வருஷம் அவருக்கு அறுபத்தெட்டு.

சுற்றிலும் பார்த்தார். யாருமில்லை. மிச்சக் கட்டையிலிருந்து நாலு விரல் கனத்தில் ஒரு துண்டு அறுத்தார். ஒரு முனையைச் சீவினார். முக்காலியில் ஏறி, ஏணியின் உச்சிக்கும் சுவருக்கும் நடுவே, தூதுவளை டின்னுக்குப் பின்னால் அதைச் செருகினார். ஏணி அதற்குமேல் சாயவில்லை.

'ஒரு வாரத்துக்கு' என்று சொல்லிக்கொண்டார்.

ஒரு வாரம் போயிற்று. இன்னொரு வாரமும் போயிற்று. பனியில் கீரை தளதளவென்று வந்தது. ராமாத்தாள் முதல் கொத்தமல்லியைக் கிள்ளி ரசத்தில் போட்ட அன்று கூடம் முழுக்க மணம். பந்திக்கு வந்தவர்கள் கை கழுவுகிற சாக்கில் கொல்லைக்குப் போய் ஏணியைப் பார்த்தார்கள். "பெருச்சாளிக்குப் பட்டை நாமம்!" என்றார் ஒருவர். ஓவர்சியர் தினமும் முக்காலியில் ஏறித் தண்ணீர் ஊற்றினார். ஏறும்போதெல்லாம் கை தானாகப் போய் ஆப்பைத் தொட்டுப் பார்க்கும். இருந்தது.

இறங்கி நடக்கும்போது, ஏணியின் கனத்திலும் பார்க்க வந்தவர்களின் மிதியிலும் அமுங்கிய தரை குதிகாலுக்குக் கெட்டியாகத் தட்டுப்பட்டது, ரோலர் ஓட்டின சாலை மாதிரி. அதைப் பற்றி நினைக்க அவருக்கு மனம் இல்லை.

மார்கழி பாதியில் பூவாத்தாளின் பந்து ஏணிக்குப் பின்னால் போய்விட்டது. பக்கவாட்டில் கன்னத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தவள், பந்தைப் பார்த்தாள், பிறகு மேலே பார்த்தாள்.

"தாத்தா, மேல ஒரு கட்டை மாட்டிக்கிட்டு இருக்குது."

"அது இருக்கட்டும், அம்மணி."

"எதுக்கு?"

"சும்மா."

"சும்மாவுக்கு எதுக்கு முனை சீவோணும்?"

"அதைத் தொடக்கூடாது. சரியா?"

"செரி" என்றாள் பூவாத்தாள். பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு மாற்றம். அதுவரை தினம் ஒரு தடவை கீரை ஏணி விடுகதையைப் போட்டுக்கொண்டிருந்தவள், அதை நிறுத்திவிட்டாள். பந்தியில் புது ஆட்கள் வந்தால்கூடக் கிணறு, தேங்காய், வெங்காயம் என்று பழசைப் போட்டாள். நாலைந்து நாள் பார்த்துவிட்டு ஓவர்சியரே கேட்டார்.

"ஏன் அம்மணி, நம்ம ஏணி விடுகதை என்னாச்சு?"

"அது இப்பத் தப்பு, தாத்தா."

"என்ன தப்பு?"

"சுவரைத் தொடமாட்டான்னு வருதில்ல? தொடுதே."

அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஓர் எண் மாறிவிட்டது என்பது போலச் சொல்லிவிட்டுப் பல்லாங்குழி ஆடப் போனாள். ஓவர்சியர் அன்று மோர் குடிக்கவில்லை.

போகி வந்தது. மறுநாள் தை. ஓவர்சியரின் பை கூடத்து மூலையில் தயாராக இருந்தது. இரண்டு வேட்டி, ஒரு போர்வை, தூக்குக்குண்டு, ரசமட்டம்.

சொன்னபடி நாச்சிமுத்து வந்தார். ஒரு கையில் சுண்ணாம்பு வாளி, ஒரு கையில் மட்டை. வாளியை வைத்தார். தோள் துண்டை எடுத்தார். ஏணிக்கும் சுவருக்கும் நடுவே துண்டைத் தொங்கவிட்டு, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டே நடந்தார். துண்டு எங்கும் தடுக்கவில்லை. கொஞ்சம் மேலே பிடித்து இழுத்தார். தடுக்கவில்லை. குதிகாலை உயர்த்தி, கையை எட்டிய மட்டும் நீட்டி இழுத்தார்.

துண்டின் விளிம்பு ஆப்புக்கு ஒரு சாண் கீழே போயிற்று.

கொல்லைக் கதவருகே பூவாத்தாள் நின்றிருந்தாள். ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்து, பொங்கலுக்கு வீட்டுக்கு வீடு செருகுகிற காப்புக்கட்டு கட்டிக்கொண்டிருந்தாள். அவள் நாச்சிமுத்துவைப் பார்த்தாள். ஓவர்சியரைப் பார்த்தாள். தொடக்கூடாது என்று சொன்னாரே தவிர, சொல்லக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. இருந்தாலும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாரை முடிந்தாள்.

"பலே, ஓவர்சியரே!" என்றார் நாச்சிமுத்து. "சர்க்கார் வேலையை இந்த மாதிரி பண்ணியிருந்தீங்கன்னா ஊர்ல ஒரு குழி இருக்காதே! போய்ட்டு ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன், மத்தியானம் வெள்ளையடிச்சரலாம்."

போய்விட்டார்.

ஒரு மாதம் நின்றுவிட்டது. பார்க்க வேண்டியவர் பார்த்துவிட்டார். நாளைக்கு மலை. ஓவர்சியர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரும்பினால், அடுப்படி வாசலில் தெய்வாத்தாள் நிற்கிறார். வெறுங்கை. கரண்டிகூட இல்லை.

ஆத்தா எதுவும் கேட்கவில்லை. அதனால்தான் அவரால் சொல்ல முடிந்தது போலும்.

"ஆத்தா, அது தானா நிக்கலீங்க."

"ம்."

"மேல ஒரு ஆப்பு வெச்சிருக்கறனுங்க. தூதுவளைக்குப் பின்னால."

"தெரியுமுங்க."

ஓவர்சியர் பூவாத்தாளைப் பார்த்தார்.

"அவ சொல்லலீங்க" என்றார் தெய்வாத்தாள். "மிளகாய் காயப் போட மாடிக்குப் போனேன். மேல இருந்து பாத்தா நல்லாத் தெரியுது."

"எப்பங்க போனீங்க?"

"ஏணி வெச்ச மூணாம் நாள்."

"மாசம் முச்சூடுமா தெரியும்?"

"முச்சூடும்."

"ஏனுங்க ஆத்தா சொல்லலை?"

தெய்வாத்தாள் ஏணியருகே வந்து, வல்லாரை இலையில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தட்டிவிட்டார்.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"அன்னைக்கே பிரிச்சுச் சாம்பலைத் தோண்டிக் கல்லுப் பரப்பியிருப்பனுங்க."

"பரப்பியிருந்தா?"

"தானா நின்னிருக்குமுங்க."

"நின்னிருந்தா?"

ஓவர்சியர் கூடத்துப் பக்கம், தன் பை இருந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"ஒம்பது வருசமா நான் சோத்துப் பானையை இறக்குனதில்லீங்க, ஓவர்சியரே" என்றார் தெய்வாத்தாள். "போன வாரம் நீங்க ஆத்துக்குப் போனப்ப ஒருக்கா இறக்கிப் பாத்தேன். கை தாங்கலை. கஞ்சி கொட்டி, ராமாத்தா பிடிச்சா. இன்னைக்கு இந்த ஆப்பைக் காட்டி, 'இன்னும் ஆகலை, இருங்க'ன்னு சொல்லலாம்னுதான் இங்க வந்தேன். நீங்க முந்திக்கிட்டீங்க."

கொல்லையில் ஒரு காகம் வந்து சுண்ணாம்பு வாளியின் விளிம்பில் உட்கார்ந்தது. உள்ளே எட்டிப் பார்த்தது. பிடிக்கவில்லை. பறந்தது.

"மண்டிக்காரர்கிட்டயும் சொல்லோணுமுங்க" என்றார் ஓவர்சியர்.

"அதுக்கு என்னையக் கேக்கோணுமா?"

"இல்லீங்க. சொல்லீருவேன்."

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். கீழிருந்து ஆப்பு தெரியவில்லை. தூதுவளைதான் தெரிந்தது. ஊதாப்பூ இரண்டு பூத்திருந்தது.

"ஆத்தா, அதை எடுத்தறட்டுமுங்களா?"

கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது.

"என்னையக் கேக்காதீங்க, ஓவர்சியரே" என்றார் தெய்வாத்தாள். "நானும் அதுலதான் சாஞ்சு நிக்கறேன்."

காப்புக்கட்டோடு பூவாத்தாள் வந்தாள். வீட்டுக் கூரையோர எரவாணத்தில் ஒன்று, அடுப்படியில் ஒன்று, கீரை ஏணிக்கு ஒன்று என்று மூன்று கட்டு வைத்திருந்தாள். ஏணியின் உச்சியில் கட்ட வேண்டும் என்று முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"அம்மணி" என்றார் தெய்வாத்தாள். "மேல ஒரு கட்டை இருக்குதில்ல?"

"தொடக்கூடாதுன்னு தாத்தா சொல்லியிருக்குது."

"இப்பத் தொடலாம், கண்ணு" என்றார் ஓவர்சியர்.

பூவாத்தாள் யோசித்தாள். "எடுத்தா ஏணி விழுந்துருமா?"

"தெரியாது."

"எடுக்காட்டி?"

ஓவர்சியர் ஆத்தாவைப் பார்க்கப் போனார். பார்க்கவில்லை. "எடுக்காட்டி, என்னைக்கும் தெரியாது" என்றார்.

"அப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"உனக்கு எப்படித் தோணுதோ அப்படிப் பண்ணு, அம்மணி" என்றார் தெய்வாத்தாள்.

பூவாத்தாள் முக்காலியில் ஏறினாள். ஓவர்சியர் முக்காலியைப் பிடித்துக்கொண்டார். ஏணியைப் பிடிக்கவில்லை. தெய்வாத்தாளும் பிடிக்கவில்லை.

அவள் முதலில் காப்பைக் கட்டினாள். நாரை இரண்டு முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தாள். பிறகு தூதுவளை முள் குத்தாமல் கையைப் பின்னால் விட்டாள். ஆப்பை உருவினாள்.

இருபது டின்னும் இருந்த இடத்தில் இருந்தன.

பூவாத்தாள் இறங்கினாள். ஆப்பை அடுப்படிக்கு எடுத்துக்கொண்டு போய், அம்மாவின் அரிவாள்மணைக்கு அடியில் வைத்தாள்.